குளிர்காலத்திலும் வரும் கப்பல்

நோர்வேயின் வடகோடியில் ஹமர்ஃபெஸ்ட் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. 1890 அளவில் துரொண்ட்ஹைமில் இருந்து அங்கே ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் 3 வாரம் எடுக்கும். குளிர்காலத்தில் 5 மாதம் வரை ஆகும். கார்த்திகையில் எழுதிய கடிதம் சித்திரையில் கைக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும்? அதற்குள் நோயாளி குணமாகியிருப்பார், அல்லது இறந்திருப்பார்.

இங்கே பள்ளிக்கூடத்தில் நாங்கள் வைக்கிங்குகளைப் பற்றியும் மன்னர்களைப் பற்றியும் நிறையப் படிக்கிறோம். எனக்குப் பிடித்ததோ ஒரு கப்பல் நேர அட்டவணையின் வரலாறு. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

வட நோர்வேயின் கரை முழுவதும் மலையும் பியோர்டும் தீவும்தான். துரொண்ட்ஹைமில் இருந்து வடக்கே போகும் ரயில் பாதை இன்றைக்கும் பூடோவுடன் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் கடல்தான் தெரு. ஆனால் குளிர்காலத்தில் அங்கே இரண்டு மாதம்வரை சூரியன் உதிப்பதில்லை. அந்த இருட்டில், பாறைகளுக்கு நடுவே, இரவு பகலாகக் கப்பல் ஓட்ட யார் துணிவார்கள்?

1891 இல் ஔகுஸ்த் க்ரான் என்ற அரசாங்கக் கப்பல் ஆலோசகர், வடக்குக்கு ஒரு விரைவுக் கப்பல் சேவை வேண்டும் என்றார். அரசு இரண்டு பெரிய கப்பல் கம்பனிகளைக் கேட்டது. குளிர்காலத்தில் முடியாத காரியம் என்று இரண்டுமே மறுத்துவிட்டன. காரணம் இல்லாமல் இல்லை: துரொண்ட்ஹைமுக்கு வடக்கே இருந்தவை 28 வெளிச்சவீடுகளும் இரண்டு கடல் வரைபடங்களும் மட்டுமே.

ரிச்சர்ட் வித் என்ற கப்டன் மட்டும் முடியும் என்றார். அவரிடம் ஒரு சிறிய உள்ளூர்க் கப்பல் கம்பனி இருந்தது. வழிகாட்டியான அன்டர்ஸ் ஹொல்த்தவுடன் சேர்ந்து, ஒவ்வொரு பயணத்திலும் திசை, வேகம், எடுத்த நேரம் எல்லாவற்றையும் அவர் பல வருடங்களாகக் குறித்து வைத்திருந்தார். கரை தெரியாவிட்டாலும் திசைகாட்டியும் மணிக்கூடும் அந்தக் குறிப்புகளும் போதும் என்பது அவர் கணக்கு. அரசு அவரோடு 4 வருட ஒப்பந்தம் போட்டு, உதவிப் பணமும் கொடுத்தது.

1893 ஜூலை 2 ஆம் திகதி காலை ‘வெஸ்தரோலன்’ என்ற நீராவிக் கப்பல் துரொண்ட்ஹைமில் இருந்து புறப்பட்டது. 67 மணித்தியாலத்தில் ஹமர்ஃபெஸ்ட் வந்துவிட்டது. மாதங்கள் மூன்று நாளாகச் சுருங்கின. அடுத்த வருடமே, முதலில் மறுத்த கம்பனிகளும் இந்தச் சேவையில் சேர்ந்துகொண்டன.

இதுதான் ‘ஹூர்திக்ரூதா’, அதாவது விரைவு வழி. பின்னாளில் அது தெற்கே பேர்கன் முதல் ரஷ்ய எல்லைக்கு அருகே கிர்க்கெனஸ் வரை நீண்டு, 34 துறைமுகங்களைத் தொட்டது. இரண்டாம் உலகப் போரில் பல கப்பல்கள் மூழ்கின. 1941 இல் திரொம்சோவுக்கு அப்பால் பெரிய கப்பல்களை அனுப்ப முடியாமல் போனபோது, பதிலுக்கு மீன்பிடிப் படகுகளை ஓடவிட்டார்கள். சேவையை மட்டும் கைவிடவில்லை.

என் அப்பா நெடுந்தீவில் பிறந்தவர். 1980களில் நோர்வேக்கு வந்த பல தமிழர்களைப் போல அவரும் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். பனிப்புயலில் தெருவை மூடிவிட்டால், அந்த ஊரில் எல்லோருடைய பேச்சும் கப்பலைப் பற்றித்தான் இருக்குமாம். “எங்கட ஊரிலும் அப்படித்தான், பிள்ளை. படகு வராட்டி மருந்தும் வராது, அரிசியும் வராது” என்பார். தீவில் பிறந்தவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி 2015க்கு வருவோம். சொக்னபியோர்டில் லாவிக், ஒப்பெடால் என்ற இரண்டு சிறிய ஊர்களுக்கு நடுவே அந்த வருடம் ‘அம்பேர்’ ஓடத் தொடங்கியது. வாகனங்களை ஏற்றும் ஃபெரிகளில் முழுக்க முழுக்கப் பற்றரியில் ஓடிய முதலாவது இதுதான். 120 கார்களையும் 360 பயணிகளையும் ஏற்றும். இங்கே ஒரு சிக்கல் இருந்தது. கரையில் நிற்கும் பத்து நிமிடத்துக்குள் சார்ஜ் ஏற்றவேண்டும். ஆனால் சிறிய ஊரின் மின்கம்பி அவ்வளவு மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுக்காது. ஆகவே இரண்டு கரையிலும் பெரிய பற்றரிகளை வைத்தார்கள். மெல்லிய குழாயில் வரும் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைத்து, பிறகு வாளியால் அள்ளி ஊற்றுவது போலத்தான். ஃபெரி அக்கரையில் இருக்கும் நேரத்தில் இக்கரைப் பற்றரி மெதுவாக நிரம்பும்.

‘அம்பேர்’ உருவானதற்கும் ஒரு ஒப்பந்தம்தான் காரணம். சூழலைக் கெடுக்காத ஃபெரியைக் கொண்டுவருபவருக்கே இந்த வழி என்று நெடுஞ்சாலைத் துறை போட்டி வைத்தது. 10 வருட ஒப்பந்தம் உறுதி என்பதால்தான் கம்பனி புதிய முயற்சியில் பணம் போட்டது. அதன் பிறகு பத்துக்கணக்கான மின்சார ஃபெரிகள் வந்துவிட்டன.

1893 இலும் 2015 இலும் நடந்தது ஒன்றேதான். இலாபம் வருமா என்று மட்டும் பார்த்திருந்தால் இரண்டுமே ஓடியிருக்காது. ‘ஆள் குறைந்த ஊருக்கும் கப்பல் வரவேண்டும்’ என்று முதலில் மக்கள் பணத்தில் வாக்குக் கொடுத்தார்கள். அதைச் செய்து காட்டும் வழியைக் கெட்டிக்காரர்கள் பிறகு கண்டுபிடித்தார்கள்.

வேலை இன்னும் முடியவில்லை. பேர்கன் – கிர்க்கெனஸ் வழியில் புதிய கப்பல்கள் சில நான்கு மணித்தியாலம் வரை பற்றரியில் போகின்றன. மிச்சத் தூரத்துக்கு எரிபொருள்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கும் போதெல்லாம், சில நூறு பேர் வாழும் ஊருக்கு இவ்வளவு செலவா என்று யாராவது கேட்கிறார்கள். நாளைக்கு அந்தக் கேள்விக்கு வாக்குப் போடப்போவது நீங்கள்தான். அதற்கு முன் உங்கள் அப்பா அம்மாவிடம் ஒன்று கேட்டுப்பாருங்கள்: இந்த நாட்டில் அவர்கள் முதலில் வேலை செய்த ஊருக்கு எதில் ஏறிப் போனார்கள்?