தீப்பெட்டியும் உயிரணுவும்

தீப்பெட்டியின் பக்கவாட்டில் கருஞ்சிவப்பாகத் தீட்டப்பட்டிருக்கும் பட்டையை நாம் அனைவரும் அறிவோம். அதில் இருப்பது பாஸ்பரஸ் என்னும் தனிமம். குச்சியின் தலையிலுள்ள மருந்து அதன்மீது உரசும்போது தீ பிறக்கிறது. அதே தனிமம் நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் குடியிருக்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்த ஒரு பொருளின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், உயிரணு எவ்வாறு பிரிகிறது, பெற்றோரின் இயல்பு எவ்வாறு பிள்ளையைச் சேர்கிறது, உடலுக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும். விருதுநகர் மாவட்டத்து மக்களாகிய நம்மை நோக்கி நான்காவது கேள்வி ஒன்றும் எழும்.

1669ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்டு என்பவர் பொன் செய்யும் ஆசையில் மனிதச் சிறுநீரைக் காய்ச்சினார். பொன் கிடைக்கவில்லை, இருளில் ஒளிரும் வெண்மையான பொருளொன்று கிடைத்தது. அதுவே வெண் பாஸ்பரஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது தீக்குச்சித் தொழிலுக்குள் புகுந்தது. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளரின் தாடையெலும்பு அழுகியது. 1888இல் இலண்டன் மாநகரில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து உலகின் மனச்சான்றைத் தட்டி எழுப்பினர். 1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி வெண் பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்ய உடன்பட்டன. இந்தியாவில் 1913இல் அதற்கெனச் சட்டம் பிறந்தது.

அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923இல். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே நச்சுப் பாஸ்பரஸ் விலக்கப்பட்டுவிட்டது. கரிசல் மண்ணின் பெண்கள் தீக்குச்சியைக் கையில் எடுக்கும் முன்னரே, எங்கோ கூடிய ஓர் அவையும் எப்போதோ இயற்றப்பட்ட ஒரு சட்டமும் அவர்களுடைய தாடைகளைக் காத்துவிட்டன. இதை நாம் மறத்தல் ஆகாது.

இனி உயிரணுவுக்குள் செல்வோம். 1869இல் பிரெடரிக் மீஷர் என்ற இளம் மருத்துவர், ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், காயக்கட்டுத் துணிகளிலிருந்த சீழை ஆராய்ந்தார். அதிலுள்ள வெள்ளணுக்களின் உட்கருவில் பாஸ்பரஸ் மிகுந்த புதுப்பொருள் ஒன்றைக் கண்டார். இன்று டி.என்.ஏ. என நாம் சொல்வது அதுவே. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1865இல், புனித அகுஸ்தீன் சபைத் துறவியும் குருவுமான கிரகோர் மெண்டல், புரூண் நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து அறிந்த மரபு விதிகளை எடுத்துரைத்தார். அவர் சொன்னதை உலகம் அன்று பொருட்படுத்தவில்லை. 1884இல் அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் சென்ற பின்னரே புரிந்துகொண்டது. 1882இல் வால்டர் பிளெமிங் உயிரணு இரண்டாகப் பிரியும் முறையை விளக்கினார். உட்கருவிலுள்ள குரோமோசோம்கள் முதலில் இரட்டிக்கின்றன. பின்னர் வரிசையாக நின்று இருபுறமும் சமமாகப் பிரிகின்றன. 1953இல் டி.என்.ஏ.வின் முறுக்கேணி வடிவம் வெளிப்பட்டது. அந்த ஏணியின் இரு நெடுங்கால்களும் சர்க்கரையாலும் பாஸ்பேட்டாலும் ஆனவை. ஆக, தலைமுறைகளை இணைக்கும் இழையிலும் பாஸ்பரஸ் இருக்கிறது.

ஆற்றலின் கதை நம் சென்னை மாநகரோடு தொடர்புடையது. 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகத சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவைக்கூடத்திலும் கதராடை அணிந்தார். அதனால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தை அடைந்து, பிஸ்கே என்பவரோடு சேர்ந்து உடல் திரவங்களிலுள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925இல் வகுத்தார். அந்த அளவுகோலைக் கொண்டு தசையைத் தேடியபோது 1927இல் பாஸ்போகிரியேட்டினும், 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் ஏ.டி.பி.யும் அகப்பட்டன. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார்.

இதன் பொருள் என்ன? பட்டாசுக்குள் கரியும் கந்தகமும் வெடியுப்பும் நெருங்கிக் கிடக்கின்றன. பொறி பட்டதும் ஆற்றல் முழுவதும் ஒரே கணத்தில் வெளியேறுகிறது. வெடித்த பொருள் அழிகிறது. உயிரணுவும் எரிக்கவே செய்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பசியாற்றக் காமராசர் மதிய உணவு தந்தாரே, அந்தச் சோற்றின் மாவுச்சத்து சர்க்கரையாகி, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனோடு சேர்கிறது. ஆனால் அது ஒரே வெடிப்பன்று, படிப்படியான எரிப்பு. அதன் பெரும்பகுதி மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணறைகளில் நிகழ்கிறது. ஒவ்வொரு படியிலும் வெளிப்படும் ஆற்றலின் ஒரு பகுதி ஏ.டி.பி.யில் சேமிக்கப்படுகிறது. தேவைப்படும் இடத்தில் அதன் கடைசிப் பாஸ்பேட் கழன்று ஆற்றலைத் தருகிறது, மீண்டும் சேர்க்கப்படுகிறது. ஒரு நாளில் நம் உடல் ஏறக்குறைய தன் எடை அளவுக்கு ஏ.டி.பி.யை இவ்வாறு ஆக்கியும் செலவிட்டும் வாழ்கிறது. ஓரேபு மலையில் மோசே கண்ட முட்புதர் தீப்பற்றி எரிந்தும் தீய்ந்துபோகவில்லை என விடுதலைப் பயண நூல் கூறுகிறது. அது இறைவனின் வெளிப்பாடு. அறிவியல் பாடம் அன்று. ஆயினும், எரிந்தும் அழியாத நெருப்பொன்றை நம் ஒவ்வோர் அணுவிலும் படைத்தவர் ஏற்றிவைத்திருக்கிறார் என எண்ணும்போது மனம் தாமாகவே மிதியடியைக் கழற்றுகிறது.

சுப்பாராவின் பணி ஆற்றலோடு முடியவில்லை. 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். உயிரணு பிரியுமுன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்கு இந்த வைட்டமின் இன்றியமையாதது. அது குறைந்தால் எலும்பு மச்சையில் இரத்த அணுக்கள் சரிவரப் பிரியாமல் சோகை உண்டாகும். பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களிடம் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் கண்டு, 1931இல் எழுதிய சோகை அத்தகையதே. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாய்மாருக்கு இரும்புச்சத்தோடு தரப்படும் மாத்திரையில் இருப்பது அந்தப் போலிக் அமிலம். அதனைப் போன்று வேடமிட்டு, உயிரணுப் பிரிவைத் தடுக்கும் மருந்தையும் சுப்பாராவின் குழுவினர் படைத்தனர். அதைக்கொண்டு பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பர், இரத்தப் புற்றுநோயுற்ற பதினாறு சிறார்க்குச் சிகிச்சையளித்து, பத்துப் பேரிடம் முன்னேற்றம் கண்டதை 1948 ஜூனில் வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். அவர் பெயரை நம் பள்ளிப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

இப்போது நான்காவது கேள்வி. தீப்புண் மேலோட்டமாயின், விளிம்பிலும் அடியிலும் எஞ்சிய தோலணுக்கள் பிரிந்து பெருகிப் புண்ணை மூடும். தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டால் பிரிவதற்கு அங்கே அணுவே இராது. வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டும். இறைவன் உடலுக்குத் தந்த ஆறும் ஆற்றலுக்கும் எல்லையுண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் நாற்பது பேரளவில் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் நம் ஊர்களில் அடக்கத் திருப்பலிகள் நடந்தே வந்துள்ளன.

இவை விதியல்ல. சட்டத்தால் காக்க இயலும் என்பதற்கு 1913 சான்று. சிவகாசிச் சிறார் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பணியிலமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் இருபதாயிரம் ரூபாயை முதலாளி நலநிதியில் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது மற்றொரு சான்று. ஓர் அறைக்குள் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்னும் விதிகள் இன்றும் ஏட்டில் உள்ளன. விலை மலிவை மட்டும் பார்த்து வாங்கும் நாமும், அவசரத்தில் விதியைத் தாண்டும் உற்பத்தியாளரும், கண்ணை மூடிக்கொள்ளும் அலுவலரும் அவற்றைச் சாகடிக்கிறோம்.

திருமுழுக்கில் நாம் ஏந்தும் மெழுகுதிரியையும் ஒரு தீக்குச்சியே ஏற்றுகிறது. அக்குச்சியை அடுக்கிய கை யாருடையது, அது இன்று நலமாக இருக்கிறதா எனக் கேட்பதும் நம் வழிபாட்டின் பகுதியே.