நிகழ்பட ஆட்டங்களில் முன்தயாரிப்பு வீடுகளின் மீளாக்கம்

நிகழ்பட ஆட்டங்களில் முன்தயாரிப்பு வீடுகளின் மீளாக்கம் என்பது, 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொழிற்சாலைகளில் உறுப்புகளாகச் செய்யப்பட்டு மனையில் பொருத்தப்பட்ட வீடுகளை, வாழ்க்கை உருவகப்படுத்தல் வகையைச் சேர்ந்த கணினி ஆட்டங்களுக்குள் மீண்டும் அமைப்பதைக் குறிக்கும். இவ்வகை ஆட்டங்களுள் பரவலாக அறியப்பட்டது த சிம்ஸ் ஆகும். ஒரே அளவுள்ள பலகங்களால் ஆன வீடும், ஒரே அளவுள்ள கட்டங்களால் ஆன ஆட்டத் தளமும் அமைப்பில் ஒத்திருப்பதால் இவ்வீடுகள் மீளாக்கத்துக்கு ஏற்றவையாக உள்ளன. எனினும், இவ்வீடுகளின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்த உற்பத்திச் செலவு, போக்குவரத்து, மூட்டுகளின் உறுதி ஆகியன ஆட்டத்தில் இடம்பெறுவதில்லை.

வரலாற்றுப் பின்னணி

இரண்டாம் உலகப் போரின் முடிவில் பல நாடுகளில் கடுமையான வீட்டுப் பற்றாக்குறை ஏற்பட்டது. பிரித்தானியாவில் 1945 முதல் 1949 வரை 1,50,000 க்கும் மேற்பட்ட தற்காலிக முன்தயாரிப்பு வீடுகள் அமைக்கப்பட்டன. ஏறத்தாழ 10 ஆண்டுகளே பயன்படும் எனத் திட்டமிடப்பட்ட இவற்றுள் சில, பல பதின்மங்கள் கடந்தும் குடியிருப்புகளாக நிலைத்தன.

ஐக்கிய அமெரிக்காவில் கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்பவர் லஸ்ட்ரான் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், முன்னர் வானூர்தித் தொழிற்சாலையாக இருந்த இடத்தில் இதன் வீடுகள் உற்பத்தி செய்யப்பட்டன. சுவர்களும் கூரையும் எனாமல் பூசிய எஃகுத் தகடுகளால் ஆனவை. ஒரு வீட்டுக்குத் தேவையான ஏறத்தாழ 3,000 உறுப்புகள் தனியாக வடிவமைக்கப்பட்ட சுமையுந்தில் மனைக்குக் கொண்டு செல்லப்பட்டன. அரசிடமிருந்து 3 கோடியே 70 இலட்சம் டாலருக்கும் மேல் கடன் பெற்ற நிறுவனம், ஏறத்தாழ 2,500 வீடுகளை மட்டும் கட்டிய நிலையில் 1950 இல் நொடித்துப்போனது.

த சிம்ஸ்

வில் ரைட் வடிவமைத்த த சிம்ஸ் 2000 ஆம் ஆண்டு வெளியானது. 1991 இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் ஏற்பட்ட பெருந்தீயில் தம் வீட்டை இழந்த ரைட், புதிதாக வாழ்க்கையை அமைத்துக்கொண்ட பட்டறிவு இவ்வாட்டத்துக்குத் தூண்டுதல்களுள் ஒன்றாக அமைந்தது. தொடக்கத்தில் இது வீடு கட்டும் ஆட்டமாகவே கருதப்பட்டது. கட்டிய வீட்டை மதிப்பிடுவதற்காகச் சேர்க்கப்பட்ட மாந்தர்களே பின்னர் ஆட்டத்தின் மையமாயினர். இதன் அடுத்த பதிப்புகள் 2004, 2009, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. பயனர்கள் தாம் கட்டிய வீடுகளைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளவும் முடியும்.

மீளாக்கும் முறை

மீளாக்கம் பெரும்பாலும் தரைப்படத்திலிருந்து தொடங்குகிறது. ஆட்டத்தின் ஒரு கட்டத்தைப் பயனர்கள் பொதுவாக 3 அடி அல்லது 1 மீட்டர் எனக் கொள்கின்றனர். எடுத்துக்காட்டாக, லஸ்ட்ரான் வீடுகளுள் வெஸ்ட்செஸ்டர் எனும் வகை ஏறத்தாழ 31 அடி அகலமும் 35 அடி நீளமும் கொண்டது. இதனை 10 கட்டங்கள் அகலமும் 12 கட்டங்கள் நீளமும் உடையதாக அமைத்தால் 30 அடிக்கு 36 அடி என்ற அளவு கிடைக்கும். உண்மை வீட்டின் வெளியளவுப்படி பரப்பு 1,085 சதுர அடி. ஆட்டத்தில் அது 1,080 சதுர அடி ஆகும். வேறுபாடு மிகச் சிறிது.

பலகங்களின் அளவைக் காட்டுவது இதைவிடக் கடினம். லஸ்ட்ரான் வீட்டின் வெளிச்சுவர்த் தகடு 2 அடிச் சதுரம் ஆகும். எனவே மூன்று தகடுகள் இரண்டு கட்டங்களுக்குச் சமமாகின்றன. ஒரு கட்டத்துக்கு ஒரு தகடு என்று அமைக்க இயலாது. இதனைத் தீர்க்கச் சில பயனர்கள் சதுரக் கோடுகள் கொண்ட சுவர்ப் படங்களைத் தாமே உருவாக்குகின்றனர். சரிவு குறைந்த கூரை, மூலையில் உள்வாங்கிய முகப்புத் திண்ணை, சுவருடன் இணைந்த அலமாரிகள், வெளிர்நீலம், சாம்பல், மஞ்சள், பழுப்பு ஆகிய நிறங்கள் என்பன இவ்வீட்டை அடையாளம் காண உதவும் கூறுகள்.

வரம்புகள்

ஆட்டத்தில் சுவர் ஒரு சொடுக்கில் எழுகிறது. உறுப்புகளை ஏற்றிச் செல்லுதல், வரிசைப்படி பொருத்துதல், இரு பலகங்கள் சேருமிடத்தை நீர் புகாமல் அடைத்தல் ஆகிய பணிகள் அங்கு இல்லை. வெயிலில் பலகம் விரிவதும் இல்லை. உண்மையான முன்தயாரிப்பு வீடுகள் இடர்ப்பட்டது பெரும்பாலும் இவற்றில்தான். இதற்கு இந்தியாவிலும் எடுத்துக்காட்டு உண்டு.

1947 இல் நிகழ்ந்த பிரிவினையால் தில்லிக்கு இலட்சக்கணக்கான ஏதிலிகள் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு விரைவாக வீடுகள் அமைக்கும் நோக்குடன் தில்லியின் சங்புரா பகுதியில் அரசு வீட்டுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. முன்னர் மைசூர் அரசில் பணியாற்றியவரும், 1948 முதல் 1951 வரை நடுவண் அரசின் வீட்டுவசதி இயக்குநராக இருந்தவருமான செருமானியக் கட்டடக்கலைஞர் ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர் இத்திட்டத்தை முன்னின்று நடத்தினார். ஆனால் கான்கிரீட் பலகங்களில் வெடிப்புகள் தோன்றின, மூட்டுகளும் சிக்கலாயின. திட்டம் நாடாளுமன்றத்தில் கடும் கண்டனத்துக்கு உள்ளாகிக் கைவிடப்பட்டது. கோனிக்ஸ்பெர்கர் இலண்டனுக்குச் சென்று வெப்பமண்டலக் கட்டடக்கலையைக் கற்பிக்கலானார். தொழிற்சாலை 1953 இல் இந்துஸ்தான் வீட்டுத் தொழிற்சாலை எனும் நிறுவனமாகவும், 1978 இல் இந்துஸ்தான் பிரிஃபாப் எனவும் பெயர் மாறியது. பின்னாளில் அது மின்கம்பங்கள், தொடர்வண்டித் தண்டவாளக் கட்டைகள் போன்ற கான்கிரீட் பொருட்களையும் உற்பத்தி செய்தது.

தில்லி வீட்டின் தரைப்படம் ஒன்றை ஆட்டத்தில் அமைத்தால், லஸ்ட்ரான் வீட்டைப் போலவே அதுவும் குறையின்றி நிற்கும். ஆகவே இத்தகைய மீளாக்கம், ஒரு வீட்டின் அளவு, அறை அமைப்பு, தோற்றம் ஆகியவற்றை அறியப் பயன்படும். அவ்வீடு ஏன் தொடர்ந்து கட்டப்படவில்லை என்பதை அறிய அதன் வரலாற்றையே நாடவேண்டும்.