மலையும் மழையும் வானொலியும்: ஊவாத் தோட்டங்களின் வானிலைச் செய்தி பற்றிய ஒரு நோக்கு

இலங்கை வானொலியின் வரலாற்றைப் பேசுவோர் அதன் நாடகங்களையும் திரையிசை நிகழ்ச்சிகளையும் அறிவிப்பாளர்களின் குரல்வளத்தையுமே பெரும்பாலும் எடுத்துரைப்பர். செய்தியின் முடிவில் வாசிக்கப்படும் வானிலை அறிக்கை அவர்தம் கவனத்தைப் பெறுவது அரிது. ஆயின், மலைச்சரிவில் வாழும் மக்களை மனங்கொண்டு நோக்குமிடத்து, அந்த நான்கைந்து வாக்கியங்களே வானொலி அவர்களுக்கு ஆற்றக்கூடிய பணிகளுள் தலையாயது என்பது புலனாகும். அண்மைக் காலத்தில் மேலைநாட்டுப் பொதுத்துறை ஒலிபரப்பு நிறுவனங்கள் காலநிலைச் செய்திக்கெனத் தனி ஆசிரியர்களை நியமிக்கத் தொடங்கியுள்ளன. பி.பி.சி. நிறுவனம் இத்தகைய பதவியை 2021இலேயே முதன்முதலாக உருவாக்கியது. அவ்வாறான ஓர் ஆசிரியர் செய்யவேண்டிய வேலை யாது என்பதை அறிவதற்கு இலண்டனைவிடப் பதுளை மாவட்டமே தக்க இடம் எனலாம்.

பதுளை நகருக்கு அண்மையில், நமுனுகுல மலைச்சாரலில், ஸ்பிரிங்வெளித் தோட்டம் அமைந்துள்ளது. இப்பகுதியின் மழை, நாட்டின் மேற்குப் புறத்து மழையினின்றும் வேறானது. மே மாதத்தில் எழும் தென்மேல் பருவக்காற்று தன் நீரை மேற்குச் சரிவுகளிற் கொட்டிவிட்டு, மத்திய மலைநாட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது உலர்ந்த காற்றாகிவிடுகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் ஈட்டித்தந்த தனி மணம், இவ்வுலர்காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்துக் கொழுந்திலேயே சிறப்பாக அமைகின்றது. ஒக்டோபர் பிறந்ததும் நிலைமை தலைகீழாகும். பிற்பகலில் இடியோடு தொடங்கும் இடைப்பருவ மழையும், அதனைத் தொடரும் வடகீழ்ப் பருவமழையும் ஜனவரி வரை இச்சரிவுகளை ஊறவைக்கின்றன. எனவே, தலைநகரத்தார் மழைக்காலம் எனக் கருதும் காலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு செய்தி தொகுப்பவர், ஊவாவின் அபாயகரமான மாதங்களைத் தவறவிட நேரும்.

இம்மழையை அளந்தவர்கள் யாவர் என்பது சுவையான வினாவாகும். இலங்கையின் மழைமானிகளுட் பெருந்தொகையானவை தோட்டங்களிலேயே நிறுவப்பட்டிருந்தன. கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும் மழையின் அளவு கணக்குப் புத்தகத்தோடு தொடர்புடையதாகையால், துரைமார் அதனை நாள்தோறும் பதிவு செய்வித்தனர். அப்பதிவுகள் கொழும்புக்குச் சென்று நாட்டின் வானிலை அறிவுக்கு அடித்தளமாயின. ஆனால், அளவு கீழிருந்து மேலே சென்றதேயன்றி, எச்சரிக்கையாக மேலிருந்து கீழே திரும்பி வரவில்லை. அலுவலக முற்றத்தில் மழையை அளந்த தோட்டத்திலேயே, லயன் காம்பிராவில் உறங்கியவனுக்கு அன்றிரவு பெய்த மழையின் பொருள் தெரியாதிருந்தது.

வானொலி இவ்விடைவெளியை நிரப்பியிருக்கக்கூடும். இலண்டனில் 1922இல் ஒலிபரப்புத் தொடங்கிய அதே நவம்பர் மாதத்திலேயே வானிலை முன்னறிவிப்பும் வாசிக்கப்பட்டது. கொழும்பில் 1925 டிசெம்பரில் வானொலி நிலையம் ஆரம்பமாயிற்று. வளிமண்டலவியல் திணைக்களம் 1948இல் தனித் திணைக்களமானது. ரேடியோ சிலோன் 1949இல் உருப்பெற்று, 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. இவ்வாண்டுகளை மற்றொரு வரிசையோடு ஒப்புநோக்குதல் தகும். திணைக்களம் உருவான 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமே தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. தமிழும் அரசகரும மொழி என்பது 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தோடுதான் அரசியலமைப்பில் இடம்பெற்றது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குச் செலவிடுவதற்கு அதே ஆண்டின் சட்டம் விதித்திருந்த தடை 2018இலேயே நீக்கப்பட்டது. பாட்டுக் கேட்பவராக வானொலி மலையகத் தமிழரை விரும்பி வரவேற்றது; எச்சரிக்கப்பட வேண்டிய குடிமகனாக அவரைக் காண அரசு நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

வானிலை அறிக்கையின் நடையும் இதற்குத் துணைபோயிற்று. 'ஊவா மாகாணத்தின் சில இடங்களில் பிற்பகலில் மழை பெய்யக்கூடும்' என்னும் வாக்கியம் பிழையற்றது. ஆயினும் ஊவா மாகாணம் வெலிமடையிலிருந்து கதிர்காமம் வரை பரந்தது. கொஸ்லாந்தைச் சரிவும் மொனராகலைச் சமவெளியும் அவ்வொரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா சமூக வானொலி போன்ற சிறு நிலையங்களின் பயன் இவ்விடத்திலேயே விளங்கும். மாகாணத்தின் பெயரை விடுத்து மலையின் பெயரையும் தோட்டப் பிரிவின் பெயரையும் சொல்வதற்கு உள்ளூர் நிலையத்துக்கே இயலும்.

மொழிவழக்கு ஒன்றும் ஈண்டுச் சுட்டத்தக்கது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் 'சீரற்ற காலநிலை காரணமாக' என்னும் தொடர் மழைதோறும் தவறாது இடம்பெறும். அன்றாட மாற்றம் வானிலை. பல ஆண்டுகளின் போக்கே காலநிலை. இத்தொடரோ இரண்டையும் ஒன்றாக்குகின்றது. இது வெறும் சொற்பிழையாக இருப்பின் பொருட்படுத்த வேண்டியதில்லை. மண்சரிவுக்கு மழையே முழுக் காரணம் என்ற எண்ணத்தை அது விதைப்பதே குறையாகும். காடழித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பயிரிடப்பட்ட சரிவு, தூர்ந்துபோன கான்கள், கைவிடப்பட்ட தேயிலைக் காணி, மலையடிவாரத்துப் பள்ளத்திற் கட்டப்பட்ட லயங்கள் ஆகிய யாவும் அத்தொடரின் பின்னே மறைந்துவிடுகின்றன. வெப்பம் மிகுந்த வளி அதிக நீராவியைத் தாங்குவதால் கனமழை மேலும் கனத்துவரும் இக்காலத்தில், எது வானத்தின் செயல், எது மனிதரின் செயல் எனப் பகுத்துரைப்பது செய்தி ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகின்றது.

இவ்வுண்மையை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொடூரமாக வெளிப்படுத்தியது. பதுளை மாவட்டத்தின் தெற்கோரத்தில், கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில், அன்று காலை மலைச்சரிவு பெயர்ந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அறிவித்திருந்தது. அதாவது, அறிவு இருந்தது, தாளும் இருந்தது. மாற்றுக் காணியும் வீடும் இல்லாத தொழிலாளிக்கு அத்தாளினாற் பயன் விளையவில்லை. எச்சரிக்கை வெளியான நாளில் அது ஒரு நாட்செய்தி. ஒன்பது ஆண்டுகள் அதனைத் தொடர்ந்து வினவும் செய்தி மேசை ஒன்று இருந்திருப்பின் நிலைமை மாறியிருக்குமா என்பது வரலாற்று மாணவர் எழுப்பத்தக்க வினாவே. அன்று வெளியான எண்களும் கவனத்துக்குரியவை. நூற்றுக்கணக்கானோர் புதையுண்டனர் என்றே முதற் செய்திகள் கூறின. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உள்ளிட்டோர் உயிருடன் இருப்பது தெரியவந்தபின் அத்தொகை பெரிதும் குறைந்தது. லயத்தில் எவர் எவர் வாழ்ந்தனர் என்பதை அறியாது எண்ணைச் சொல்ல நேர்ந்த செய்தியாளரின் இக்கட்டு அது.

இன்று மண்சரிவு எச்சரிக்கைக்குத் தெளிவான அளவுகள் உள்ளன. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மி.மீ. மழையைக் கடந்தால் விழிப்பு, 100 மி.மீ. கடந்தால் வெளியேற ஆயத்தம், 150 மி.மீ. கடந்தாலோ, ஒரு மணி நேரத்தில் 75 மி.மீ. கடந்தாலோ, வெளியேற்றம். இவ்வளவுகளை வாசிப்பது எளிது. கேட்பவர் எங்கே போவது, தோட்டப் பாடசாலையா கோவிலா, எந்தப் பாதை கானோடு சேராதது, இரவுமழையானால் எவர் கதவைத் தட்டுவது என்பனவற்றையும் அதே மூச்சில் தமிழிற் சொல்வதே அரிது. அதற்கு வானிலையாளரின் அறிவும் தோட்டத்தை அறிந்தவரின் அறிவும் ஒரே மேசையிற் கூடவேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் திட்வாப் புயல் இலங்கையைத் தாக்கியபோது 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதுளை மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. உத்தியோகபூர்வ அறிவித்தல்கள் தமிழில் காலந்தாழ்த்தியும் குறைவாகவுமே வெளிவந்தன என்ற முறைப்பாடு அப்போதும் எழுந்தது. மின்சாரமும் தொலைபேசிக் கோபுரங்களும் பல இடங்களிற் செயலிழந்தன. அவ்விரவுகளில், பற்றரியில் இயங்கும் பழைய வானொலிப்பெட்டி வைத்திருந்த வீட்டுக்கே வெளியுலகின் குரல் எட்டக்கூடியதாயிருந்தது. அக்குரல் எந்த மொழியில், எந்தத் தோட்டத்தின் பெயரைச் சொல்லிற்று என்பதே அவ்வீட்டாருக்கு வேண்டியிருந்த செய்தி.