ஆவூர் பெரியநாயகி மாதா ஆலயம்

ஆவூர் பெரியநாயகி மாதா ஆலயம், புதுக்கோட்டை மாவட்டத்தில் விராலிமலைக்கு அருகே ஆவூர் கிராமத்தில் உள்ள கத்தோலிக்கத் தேவாலயம். இப்போதுள்ள கட்டடம் 1747இல் எழுந்தது. ஊர் சிறியது. ஆனால் மதுரை மறைப்பணித்தளத்தின் வரலாற்றில் அதன் இடம் பெரியது; இங்கிருந்து எழுதப்பட்ட இயேசு சபைக் குருக்களின் கடிதங்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் அச்சேறின.

முதல் கோயிலைக் கட்டியவர் பிரெஞ்சுக் குரு ஜான் வெனான்சியுஸ் பூஷே. அதன் ஆண்டு 1547 என்று சுற்றுலாக் குறிப்புகளில் காணப்படுகிறது. இது பிழை. பூஷே பிறந்ததே 1655இல். மதுரைப் பணித்தளத்தைத் தொடங்கிய ராபர்ட் தெ நோபிலியே மதுரைக்கு வந்தது 1606இல்தான். பழைய கோயிலின் காலம் 17ஆம் நூற்றாண்டின் இறுதி என்பதே பொருந்தும். அதே பணித்தளத்தின் இயேசு சபைக் குரு ஜான் தெ பிரிட்டோ ஓரியூரில் 1693இல் கொல்லப்பட்ட துயரம் ஆறாத காலம் அது. நாயக்கர் தலைநகரான திருச்சிராப்பள்ளி பக்கத்திலேயே இருந்தது ஆவூருக்குச் சாதகம். அங்கே ராணி மங்கம்மாளின் ஆட்சி நடந்தது. பூஷே அரசவைக்குக் கொண்டுசென்ற காணிக்கைகளில் ஒன்று, நாடுகளின் பெயர்கள் தமிழில் எழுதப்பட்ட பூகோள உருண்டை. கோயில் கட்ட வந்தவர் அரசியலும் அறிந்திருந்தார்.

பூஷேயும் அவருடைய சகாக்களும் காவியுடுத்து, புலால் தவிர்த்து, பண்டாரசாமிகள் எனப்படும் துறவிகளாக வாழ்ந்தார்கள். உள்ளூர் வழக்கங்களை எந்த அளவுக்கு ஏற்கலாம் என்ற சர்ச்சை ரோம் வரை போனது. அவற்றுக்காக வாதாட பூஷேயே அங்கு சென்றார். 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை அந்த வழக்கங்களில் பலவற்றுக்குத் தடை போட்டது. ஆவூரின் புதிய கோயில் அதற்கு மூன்று ஆண்டுகள் பிந்தியது. அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் விஜயரகுநாத ராயத் தொண்டைமான்.

கட்டடம் சிலுவை வடிவில் அமைந்தது. நீண்ட கையில் மக்கள் கூடுவார்கள், தலைப்பகுதியில் பீடம், இருபுறமும் குறுங்கைகள். கைகள் சந்திக்கும் இடத்துக்கு மேலே குவிமாடம். இத்தகைய கட்டடத்தில் நுட்பமான இடமும் அதுதான்: குவிமாடத்தின் பாரம் நேராகக் கீழே இறங்குவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். குறுங்கைகளின் சுவர்கள் அந்தத் தள்ளலைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இரும்புச் சட்டமோ சிமெண்டோ இல்லாத நாளில், உள்ளூர்க் கொத்தர்களின் கைத்திறனை நம்பி ஒரு கிராமத்தில் இதை எடுத்துக் கட்டியது சாதாரணக் காரியமல்ல.

வீரமாமுனிவரும் ஆவூரில் பணியாற்றினார். 'தேம்பாவணி', 'சதுரகராதி', 'தொன்னூல் விளக்கம்' ஆகியவற்றின் ஆசிரியரான அவர் இந்தக் கோயிலில் பூசை வைத்ததாகச் சிலர் எழுதுவதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கடைசி ஆண்டுகளைக் கேரளப் பகுதியில் கழித்த அவர், 1747இல் அம்பலக்காட்டில் இறந்தார் என்பதே இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் கருத்து. அப்படியானால் அவருடைய ஆவூர்ப் பணி இக்கட்டடத்துக்கு முந்தியது. கோணான்குப்பத்தில் அவர் எழுப்பிய மாதா கோயிலும் பெரியநாயகி பெயரையே தாங்கியிருக்கிறது.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதும் மதுரைப் பணித்தளம் தளர்ந்தது. சபையார் மீண்டும் இப்பகுதிக்கு வந்தது 1838இல்தான்.

ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்காவும் தேர் பவனியும் ஆவூரின் பெருவிழா. பாஸ்கா என்பது இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் நடித்துக் காட்டும் நாடகம். கத்தோலிக்கர்களோடு சுற்றுவட்டார இந்துக்களும் இஸ்லாமியரும் இதற்கு வருகிறார்கள்.