கொல்லிமலை - பயம் காத்த பூங்கா

நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலையில் விடுமுறை நாட்களில் கூட்டம் அலைமோதும். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பைக்கிலும் வேனிலும் வந்து இறங்குவார்கள். வாசலூர்பட்டி படகு இல்லத்தில் படகு விடுவார்கள். தாவரவியல் பூங்காவில் பிள்ளைகளை ஓடியாட விட்டு, சீக்குப்பாறை காட்சிமுனையில் போட்டோ எடுத்து, ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு, இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுவார்கள். சேலம், திருச்சி, நாமக்கல் ஊர்க்காரர்களுக்கு இது பக்கத்திலேயே இருக்கும் ஒரு பெரிய பூங்கா.

ஆனால் இந்த மலையின் பெயரைக் கேட்டாலே வெளியூர்க்காரர்கள் பயந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயத்தின் கதைதான் கொல்லிமலையின் கதை.

கொல்லிப்பாவை:

நற்றிணையிலும் குறுந்தொகையிலும் கொல்லிப்பாவை வருகிறாள். தலைவியின் அழகைச் சொல்லப் புலவர்கள் இந்தப் பாவையை உவமையாகக் காட்டினார்கள். அது தெய்வம் செய்து வைத்த சிலை என்பது நம்பிக்கை. பிற்காலக் கதைகளில் இந்தப் பாவை சிரித்தே ஆளை மயக்கி உயிரை எடுப்பவளாக மாறிவிட்டாள். இன்று மலையில் உள்ள எட்டுக்கை அம்மனைத்தான் மக்கள் கொல்லிப்பாவை என்று கும்பிடுகிறார்கள்.

சங்க காலத்தில் இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி, கடையேழு வள்ளல்களில் ஒருவன். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். இது வில்லின் பெருமையைச் சொல்லும் பாட்டுதான். ஆனாலும் யானையும் புலியும் இருந்த காடு அது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரி போய் ஏறத்தாழ இரண்டாயிரம் வருடங்கள் ஆன பிறகும் ஆடி மாதத்தில் செம்மேட்டில் அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. கூடவே மலர்க் கண்காட்சியும் நடக்கிறது.

காய்ச்சல் மலை:

ஆங்கிலேயர் வந்த பிறகு பயம் வேறு உருவம் எடுத்தது. இப்போது பயமுறுத்தியது பாவை அல்ல, காய்ச்சல். கொல்லிமலைக்குப் போனால் மலேரியா வரும் என்ற கெட்ட பெயர் அதிகாரிகள் மத்தியில் பரவியிருந்தது. அந்தக் காய்ச்சல் எதனால் வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. கொசுவின் வயிற்றில் மலேரியா கிருமியை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்ததே 1897ல்தான்.

இதே காலத்தில் மற்ற மலைகளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1819ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். சில வருடங்களில் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் பங்களாக்கள் எழுந்தன. 1848ல் ஊட்டி தாவரவியல் பூங்கா வந்தது. கொடைக்கானலில் 1845ல் அமெரிக்க மிஷனரிகள் குடியேறினார்கள், 1863ல் ஏரி வெட்டப்பட்டது. கொல்லிமலைக்குப் பக்கத்திலேயே இருக்கும் சேர்வராயன் மலையில் 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார், ஏற்காடு வளர்ந்தது.

கொல்லிமலையின் உயரம் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர். குளிர் உண்டு, அருவி உண்டு, நல்ல மண்ணும் உண்டு. இருந்தும் இன்னொரு ஏற்காடாக அது மாறவில்லை. பெரிய பங்களா வரிசையோ கிளப்போ குதிரைப் பந்தயமோ அங்கே வரவில்லை. காய்ச்சல் பயம் இதற்கு முக்கியமான காரணம்.

பயப்படாதவர்கள்:

அப்படியானால் மலை காலியாக இருந்ததா? இல்லை. அங்கே மலையாளிகள் வாழ்ந்தார்கள். கேரளத்து மலையாளிகள் என்று நினைத்துவிடக் கூடாது, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் இது. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை. ஊர்களைச் சேர்த்து வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

காய்ச்சல் அவர்களையும் விடவில்லை. ஆனால் அவர்களுக்கு இறங்கிப் போக வேறு ஊர் இல்லை. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு விதைத்தார்கள். பள்ளத்தில் நெல் நட்டார்கள். காட்டின் சில பகுதிகளைச் சாமிக்கு விட்டு, கோயில் காடு என்று வைத்தார்கள். அங்கே மரம் வெட்டினால் சாமி குத்தம். மலையில் பல இடங்களில் பழைய சோலை மரங்கள் பிழைத்திருப்பதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

பாதைகளும் அவர்கள் கால் பட்டு உருவானவைதான். சாலை வருவதற்கு முன்னால் மிளகும் பலாவும் வாழையும் தலைச்சுமையாகத்தான் கீழே இறங்கின. திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் இருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஏறும் காட்டு வழியில் பக்தர்கள் காலங்காலமாக நடந்தார்கள். இன்று மலையேற்றம் என்று ஆசையாக நடப்பவர்கள் மிதிப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பழைய தடங்களைத்தான்.

பூங்கா என்ற யோசனை:

மேல்நாட்டில் இது வேறு மாதிரி நடந்தது. தொழிற்சாலைப் புகையில் தவித்த நகரத்து மக்களுக்குக் காற்று வேண்டும் என்று பூங்காக்கள் அமைத்தார்கள். அமெரிக்காவின் நியூஜெர்சியில் எசெக்ஸ் கவுண்டி 1895ல் தன் நெவார்க் நகரத்தில் அமைத்த பிராஞ்ச் புரூக் பூங்காதான் அந்த நாட்டின் முதல் கவுண்டி பூங்கா என்கிறார்கள். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. நிலத்தை வாங்கி, குளம் வெட்டி, மரம் நட்டு, நடைபாதை போட்டார்கள்.

கொல்லிமலையில் மரமும் பாதையும் முன்பே இருந்தன. பூங்காவும் படகும்தான் பிறகு வந்து சேர்ந்தன. 1953ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, டி.டி.டி. தெளிப்பால் நாடு முழுவதும் காய்ச்சல் பெருமளவு குறைந்தது. மலைக்குச் சாலை வந்தது. 1997ல் சேலத்தில் இருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டம் ஆனபோது கொல்லிமலை அதன் பெரிய சுற்றுலாத் தலம் ஆனது.

பயம் போன பிறகு:

சாலையால் மலை மக்களுக்கு நன்மை உண்டு. பிரசவ வலி வந்த பெண்ணை டோலி கட்டித் தூக்கிய மலையில் வண்டி போவது சாதாரண விஷயமா! ஆனால் அதே சாலை வழியாக வேறு பலவும் வந்தன. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளிக் கிழங்கு பயிராகி, சாமையும் தினையும் சுருங்கின. இந்தச் சிறுதானியங்களைக் காப்பாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இருந்து மலை விவசாயிகளோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. மலை உச்சிகளில் அலுமினியத்துக்காக பாக்சைட் தோண்டப்பட்டது. சுற்றுலாவோடு பாட்டிலும் பிளாஸ்டிக் பையும் வந்தன.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அய்யாறு ஏறத்தாழ 300 அடி உயரத்தில் இருந்து கொட்டுகிறது. குளிப்பவர்களுக்கு அது அருவி. மலையில் இருப்பவர்களுக்கு அது அறப்பளீஸ்வரர் கோயிலைத் தொட்டு வரும் சாமி ஆறு. கோயில் பக்கத்தில் ஆற்று மீன்களுக்குத் தீனி போடுவார்களே தவிர, பிடிக்க மாட்டார்கள்.

முடிவாக:

வெளியாட்களைத் தடுத்தது பயம். ஆனால் மலையை மலையாக வைத்திருந்தது பயம் மட்டும் அல்ல, அங்கேயே இருந்து விதைத்து, கோயில் காட்டைத் தொடாமல் விட்ட மக்கள். பாவையின் சிரிப்புக்கும் கொசுவுக்கும் இப்போது யாரும் பயப்படுவதில்லை, அது நல்லதுதான். இனி அந்த மலைக்கு மிஞ்சியிருக்கும் காவல், பயத்தின் இடத்தில் வரவேண்டிய மரியாதை ஒன்றுதான். நகரத்துப் பூங்காவுக்குச் சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிடலாம். கொல்லிமலைக்கு கேட் கிடையாது. கடைசி வண்டி 70 வளைவும் இறங்கிப் போன பிறகும் அங்கே அடுப்பு எரிகிற வீடுகள் இருக்கின்றன. அடுத்த முறை மலை ஏறுபவர்கள், தாங்கள் போவது பூங்காவுக்கு மட்டும் அல்ல, இன்னொருவர் ஊருக்கு என்று நினைத்துக்கொண்டால் போதும்.