நோயாளியிடம் கற்ற இறையியல்: ஆன்டன் பாய்சனும் ஆற்றுப்படுத்தும் பணியும்

ஆற்றுப்படுத்தும் பணியைக் குறித்துப் பேசும்பொழுது நாம் வழக்கமாக மேய்ப்பரிடமிருந்தே தொடங்குகிறோம். உள்ளம் கலங்கினவர் ஒருவர் இருக்கிறார். ஆயர் அவரை நாடிச் சென்று ஆறுதல் மொழிகிறார். இக்கட்டுரையில் மறுமுனையிலிருந்து தொடங்க விழைகிறோம். இறையியல் மாணவர்களை மருத்துவமனையில் வைத்துப் பயிற்றுவிக்கும் முறைக்கு அடிகோலியவர்களுள் முதன்மையான ஒருவர், மனநோய் மருத்துவமனைக்குள் முதலில் நுழைந்தது ஆயராக அன்று, நோயாளியாக.

ஆன்டன் பாய்சன் 1876இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். வனவியல் கற்றுப் பின்னர் இறையியலுக்குத் திரும்பியவர். நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் 1911இல் படிப்பை முடித்தார். நாட்டுப்புறச் சபைகளில் பணியாற்றினார். 1920 அக்டோபரில், தம் விசுவாச அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த வேளையில், உலகம் அழியப்போகிறது என்னும் எண்ணம் திடீரென அவரை ஆட்கொண்டது. சில நாட்களுக்குள் பாஸ்டன் நகரின் மனநோய் மருத்துவமனைக்கும், அங்கிருந்து வெஸ்ட்பரோ அரசு மருத்துவமனைக்கும் கொண்டுசெல்லப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 43.

சுமார் பதினைந்து மாதங்கள் அவர் அங்கே இருந்தார். அக்காலத்தில் அவரை மிகவும் வருத்திய காரியம் இரண்டு. அவர் எதைக் கண்டார், எதற்கு அஞ்சினார் என்று மருத்துவர்கள் கேட்க முன்வரவில்லை. ஞாயிறு வழிபாடு நடத்த வந்த ஆயர்களோ, சமயத்தைப் பற்றி அறிந்திருக்கக்கூடுமாயினும், தம் எதிரில் அமர்ந்திருந்தவர்களின் துயரைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களாய் இருந்தனர். இச்செய்தியைப் படிக்கும் ஆயர் எவரும் தம் நோயாளர் சந்திப்புகளைச் சற்றே நினைவுகூராமல் இருக்க இயலாது. ஒரு சங்கீதம், ஒரு ஜெபம், அடுத்த கட்டில்!

நலமடைந்த பாய்சன் மீண்டும் மாணவரானார். ஹார்வர்டில் ரிச்சர்ட் காபட் என்னும் மருத்துவரிடம், ஒரு நோயாளியின் வரலாற்றை முறையாக எழுதி ஆராயும் கலையைக் கற்றார். 1924இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் அரசு மருத்துவமனை அவரைச் சிற்றாலய குருவாக அமர்த்தியது. மறு ஆண்டு கோடையில் நான்கு இறையியல் மாணவர்கள் அவரிடம் வந்தனர். பகலில் வார்டு உதவியாளராக நோயாளிகளை உண்பிப்பதும் உடன் உலாவுவதும் அவர்கள் வேலை. மாலையில் கண்டதைக் கேட்டதைக் கூடி ஆராய்வர். நூல்களோடுகூட ‘உயிருள்ள மனித ஏடுகளை’யும் வாசிக்கவேண்டும் என்பது பாய்சனின் கொள்கை. இச்சொல்லில் அடங்கிய பணிவை நாம் கவனிக்கவேண்டும். ஏட்டைத் திருத்த எவரும் அமர்வதில்லை; கற்கவே அமர்கிறோம்.

அவர் பாடல்களையும் விட்டுவைக்கவில்லை. அச்சத்தையும் பகைவரையும் பற்றிய பாடல்கள் கலங்கிய உள்ளங்களில் எத்தகைய தீங்கை விளைவிக்கும் என்று ஆராய்ந்து, நோயாளிகளுக்கென்று தனி வழிபாட்டு நூலொன்றை 1926இல் தொகுத்து வெளியிட்டார்.

பாய்சனின் முதன்மையான ஆய்வு, உள்ளுலகின் ஆராய்ச்சி பற்றிய நூலாக 1936இல் வெளிவந்தது. வூஸ்டரில் 173 நோயாளிகளின் வாழ்வை ஆராய்ந்து, அவர் கண்டது இது: தோல்வியை ஏற்று மெல்லச் சரிந்து போகிறவரும், குற்றத்தைப் பிறர்மேல் சுமத்தித் தம்மை மறைத்துக்கொள்கிறவரும் நலமடைதல் அரிது, தம் நிலையைக் கண்டு பேரச்சத்தோடு போராடுகிறவரோ பலமுறை மீண்டு வருகிறார். ஆகவே சிலரது கலக்கம் சிதைவு அன்று, ஆன்மா தன்னைச் சீரமைக்க முயலும் போராட்டம் என்றார். எசேக்கியேல், பவுல், பன்யன், ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆகியோரையும் இவ்வொளியில் நோக்கினார்.

இங்கேதான் காபட்டோடு பிணக்கு எழுந்தது. மனநோய்க்கு உடலே காரணம் என்பது காபட்டின் உறுதியான கருத்து. 1930இல் பாய்சனுக்கு நோய் திரும்பியபொழுது, இனி அவர் மாணவர்களைப் பயிற்றுவித்தல் தகாது என்று காபட் முடிவுசெய்தார். வேதனைக்குரிய முடிவு; ஆயினும் முற்றிலும் ஆதாரமற்றதென்று சொல்வதற்கில்லை. தம் ஒருவரது அனுபவத்தின் அளவுகோலால் பாய்சன் பிறரையும் அளந்தார் என்னும் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. 1950களில் மனநோய்க்கு மருந்துகள் வந்தபின், உடலின் பங்கை எவரும் மறுக்க இயலாது. மருந்தை நிறுத்திவிட்டு உபவாசத்திற்கு அழைத்துச் செல்லும் ஆயர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்குப் பாய்சன் துணைநிற்கமாட்டார். அவர் மருத்துவரோடு இணைந்தே பணியாற்றியவர். ஆனால், மருந்து எழுதப்பட்டதோடு ஆயரின் வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்களுக்கும் அவர் துணையல்லர். நோயின் காரணம் உடலாயினும், அந்நோயில் ஒருவர் எதற்கு அஞ்சுகிறார், எதை நம்புகிறார், கடவுளை யாராகக் காண்கிறார் என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. அவற்றைக் கேட்க வேறு எவரும் அனுப்பப்படவில்லை.

1932இல் பாய்சன் இல்லினாய் மாநிலத்தின் எல்ஜின் அரசு மருத்துவமனைக்குப் பணிமாறினார். 1935இல் மீண்டும் நோயுற்று மீண்டும் எழுந்தார். இதற்கிடையே அவர் தொடங்கிய பயிற்சி பரவியது. 1936இல் காபட்டும், ரசல் டிக்ஸ் என்னும் குருவும் நோயாளர் பணி பற்றி நூல் எழுதினர். சந்திப்பின் உரையாடலை வரிக்கு வரி எழுதிப் பார்க்கும் வழக்கத்தைப் பரப்பியவர் டிக்ஸ். பாய்சனிடம் பயின்ற சிவர்ட் ஹில்ட்னர் 1949இல் ஆற்றுப்படுத்துதல் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1942இல் வெளிவந்த கார்ல் ரோஜர்சின் நூலும் பயிற்சிக்கூடங்களில் பெருஞ்செல்வாக்குப் பெற்றது. 1967இல் பயிற்சிச் சங்கங்கள் ஒன்றாயின.

இவ்வளர்ச்சியில் ஓர் இழப்பும் உண்டு. எவ்வாறு பதிலுரைப்பது என்னும் நுட்பத்தின்மேல் கவனம் கூடக்கூட, நோயாளி என்ன சொல்லுகிறார் என்னும் இறையியல் வினா பின்னுக்குப் போயிற்று. பாய்சனே முதுமையில் இதைக் குறித்து மனக்குறை கொண்டிருந்தார். அவர் விரும்பியது திறமையான ஆலோசகரை மட்டுமன்று. பாவம், மீட்பு என்னும் சொற்களைத் துன்புற்றோரிடமிருந்து புதிதாய்க் கற்றுவரும் இறையியலாளரை.

நம் நாட்டிலும் இறையியல் மாணவர்கள் வார்டுகளுக்குச் சென்று வந்து உரையாடல்களை எழுதித் தருகின்றனர். அத்தாள்களில் மாணவரின் வாக்கியங்கள் நீண்டிருக்கக் காண்கிறோம். நோயாளியோ பெரும்பாலும் ‘ஆமாம் ஐயா’ என்கிறார்.