கன்னியர் மடத்துப் பேரேடுகள்

சமண வியாபாரி ஒருவன் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகளின் ஆவணங்களைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் ரொம்ப எளிது. சிட்டையும் பேரேடுமாகக் காலம் தள்ளியவன் நான். ஒரு ஸ்தாபனம் நிஜத்தில் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால், அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பெருமையைக் கேட்பதைவிட அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவது மேல் என்பது என் அபிப்பிராயம். நம் சங்கத்துக் குடும்பங்களில் கான்வென்டில் படித்த பெண்கள் அநேகம். பள்ளிக்கூடத்தைத் தெரியும், சகோதரிகளின் கண்டிப்பைத் தெரியும். அந்த மடங்களில் தலைமுறை தலைமுறையாக எழுதிச் சேர்த்த ஏடுகளைப் பற்றித் தெரிந்தவர் குறைவு.

கல்வி போதிக்கும் கன்னியர் மடம் என்றால் அங்கே பலவகை ஏடுகள் இருக்கும். மடத்தில் நடந்தவற்றை வருஷவாரியாகச் சொல்லும் வரலாற்றேடு ஒன்று. சேர்ந்தவர், விரதம் ஏற்றவர், இறந்தவர் பதிவு ஒன்று. விடுதி மாணவியர் பதிவு, வரவு செலவு, கூட்ட முடிவுகள் ஆகியவை தனித்தனி. இவை தவிரக் கடிதங்கள். இதற்கு நல்ல உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது கனடா நாட்டுக் கியூபெக் நகரின் உர்சுலைன் மடம். ராஞ்சிப் பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்கு உர்சுலைன் என்ற பெயர் பழக்கமானதுதான். 1535-இல் இத்தாலியில் ஆஞ்செலா மெரிச்சி தொடங்கிய சபையின் வழி வந்தவர்கள் இவர்கள்.

கியூபெக் மடத்தை நிறுவியவர்களில் முதன்மையானவர் மரீ குயார் என்ற பிரெஞ்சு அம்மையார். 1599-இல் தூர் நகரில் பிறந்தவர். கணவர் பட்டுத் தொழில் செய்தவர். பத்தொன்பது வயதில் கைக்குழந்தையோடு விதவையானார். பிறகு அக்காள் கணவரின் சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் சேர்ந்து, அதை நிர்வகிக்கும் அளவுக்கு உயர்ந்தார். வண்டி, குதிரை, கூலியாள், கணக்கு எல்லாம் அவர் கையில். நம்ம ஜாதி மனுஷி என்று வியாபாரிகள் சொல்லிக்கொள்ளலாம்! 1631-இல், பதினோரு வயது மகனை உறவினரிடம் விட்டுவிட்டு, மடம் புகுந்தார். 1639 ஆகஸ்ட் 1-ஆம் தேதி கப்பலில் கியூபெக் வந்து இறங்கி, பிரெஞ்சுக் குடியேறிகளின் பெண்களுக்கும் அந்நாட்டுப் பழங்குடிச் சிறுமியருக்கும் பள்ளி தொடங்கினார். வந்த சில மாதங்களிலேயே பெரியம்மை பரவ, சின்னஞ்சிறு பள்ளியே ஆஸ்பத்திரி ஆகிவிட்டது.

அங்கே காசு அபூர்வம். விடுதிச் சம்பளம் பண்டமாக வந்தது. விறகு, வெண்ணெய், பட்டாணி, கொழுத்த பன்றி, உப்பிட்ட விலாங்கு மீன் என்று மாணவியர் கணக்கில் வரவு ஏறியிருக்கிறது. எங்களைப் போன்ற சைவ உணவுக்காரர்களுக்குப் படிக்கவே சங்கடம்தான். ஆனால் அந்தக் காலனியில் மக்கள் என்ன தின்றார்கள், எதைக் கொண்டு கடனைத் தீர்த்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்?

1650 டிசம்பர் 30-ஆம் தேதி இரவு மடம் தீப்பற்றி எரிந்தது. மரீ அம்மையார் மடத்தின் காரியக் காகிதங்களை ஜன்னல் வழியே வெளியே எறிந்து காப்பாற்றினார். தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதிய தாள்கள் கைக்குத் தட்டுப்பட்டும், அவற்றைத் தீக்கு விட்டுவிட்டார். பிற்பாடு மகன் விடாமல் கேட்டதால் 1654-இல் மறுபடி எழுதி அனுப்பினார். பொதுக் கணக்கு முதலில், சொந்தக் கதை பிறகு என்ற அந்த முறையை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த மகன் குளோத் மார்த்தேனும் துறவியாகி, தாய் 1672-இல் மறைந்தபின் 1681-இல் அவருடைய கடிதங்களை அச்சிட்டார். ஆயிரக்கணக்கில் எழுதப்பட்டவற்றில் இன்று கிடைப்பவை முந்நூறுக்கும் குறைவு. 1663 பிப்ரவரியில் அந்தப் பிரதேசத்தைக் குலுக்கிய பெரிய நிலநடுக்கத்தை ஆராய்பவர்களுக்கு அவர் கடிதமும் ஒரு முக்கியமான சாட்சி.

ஆனால் எனக்குப் பெரிதாகப்படுவது 1668-இல் மகனுக்கு எழுதிய கடிதம்தான். மடத்தில் பயின்ற பழங்குடிச் சிறுமியரில், நூற்றில் ஒருத்தியைக்கூடப் பிரெஞ்சு நடைமுறைக்குக் கொண்டுவருவது அரிதாக இருந்தது என்று ஒளிக்காமல் எழுதுகிறார். சிலர் வேலி ஏறிக் குதித்துக் காட்டுக்கு ஓடினார்கள். சிலர் அடைபட்டு மனம் வாடினார்கள். பெற்றவர்கள் வந்து அழைத்துப் போனார்கள். தன் தோல்வியைத் தன் கையாலேயே பற்று எழுதுகிற நிர்வாகி எத்தனை பேர்?  இது ஒரு தரப்புக் கணக்குதான். ஆனாலும் நேர்மையான ஒரு தரப்புக் கணக்கிலிருந்து எதிர்த்தரப்பின் வேதனையையும் கொஞ்சம் எடுத்துவிட முடிகிறது.

1759-இல் ஆங்கிலேயர் கியூபெக்கைப் பிடித்தார்கள். தோற்ற பிரெஞ்சுத் தளபதி மோன்கால்ம், உர்சுலைன் ஆலயத்துத் தரையில் குண்டு விழுந்த குழியில் அடக்கம் செய்யப்பட்டார். மறு வருஷம் மடத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எஸ்தர் வீல்ரைட். ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்து, 1703-இல் சிறுமியாக அபெனாக்கி பழங்குடியினரால் சிறைபிடிக்கப்பட்டு, பிறகு கன்னியரானவர். மூன்று சமூகத்தைக் கண்ட இந்தப் பெண்மணியை நாம் அறிவதற்கு மடத்துப் பதிவுகள் பெரிதும் காரணம். 2018-இல் வயதான சகோதரிகள் பழைய மடத்தை விட்டு வேறிடம் போனார்கள். ஏறக்குறைய 380 வருஷ வாசம் முடிந்தது, எழுத்து நிற்கிறது.

இங்கேதான் எனக்கு மனசு உறுத்துகிறது. தமிழ்நாட்டிலும் கற்பித்த பெண் துறவியர் இருந்தார்கள். குரத்தியர் என்று கல்வெட்டுகள் சொல்லும். கழுகுமலையில் அவர்கள் பெயர்கள் பாறையில் இருக்கின்றன. வந்தவாசிப் பக்கத்து வேடல் என்ற ஊரின் ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, கனகவீரக் குரத்தியாரையும் அவரைச் சார்ந்த ஐந்நூறு பேரையும் குறிப்பிடுகிறது. ஐந்நூறு பேர் சாமானியமா! அவர்கள் என்ன படித்தார்கள், யார் சோறு போட்டார்கள், யார் பாதியில் வீடு திரும்பினார்கள்? சொல்ல அவர்கள் எழுதிய ஓர் ஓலைகூட நம் கையில் இல்லை. சாஸ்திர தானம் செய்து காவியங்களைப் பிரதி எடுத்துக் காத்த சமூகம் எங்களுடையது. அன்றாடக் கணக்கைக் காக்கத் தோன்றவில்லை. ஓலையைக் கரையான் தின்றது. கல் மட்டும் மிஞ்சியது. கல்லிலோ தானமும் வழக்கும் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஊரில் முதல் தமிழ் வகுப்பை வீட்டுத் திண்ணையில் நடத்திய மாமிகள், அக்காக்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். எத்தனை குழந்தைகள் வந்தார்கள், என்ன பாடம், ஏன் நின்று போனது என்று அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதட்டும். நடந்ததை நடந்தபடி எழுதட்டும், நஷ்டத்தையும் சேர்த்து. பழைய சங்க நோட்டுகளையும் ரசீதுப் புத்தகங்களையும் தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் கேட்டால் காட்டுவதற்கு அதுதான் நம் ஐந்தொகை.